பிள்ளையின் பாட்டுக்குச் சொந்தக்காரர் யார்?

எமது சங்கத்தின் இச்செய்தி மடலின் பழைய இதழ்கள் சிலவற்றை எடுத்து, பிள்ளைகள் எழுதும் பக்கங்களை மட்டும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ஆங்கிலப் பகுதியில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி, அயல்வீட்டுப் பூனை இறந்த பிறகும் அந்த வீட்டுக் கிழவர் இரவில் கதவைச் சற்றே திறந்து வைத்திருந்தார் என்று எழுதியிருப்பாள். ஒரு பையன் புதுச் சப்பாத்து கடித்த கதையை எழுதியிருப்பான். பக்கத்தைப் புரட்டித் தமிழ்ப் பகுதிக்கு வந்தால் அதே சிறுமி, அதே பையன். ஆனால் வேறு யாரோ பேசுவது போலிருக்கும். அவள் தான் ஒருநாளும் காணாத வயல்வெளியை நினைத்துக் கண்ணீர் வடிக்கிறாள். அவன் தமிழன்னையின் பாதத்தில் வீழ்ந்து சபதம் எடுக்கிறான். ஆங்கிலத்தில் பிள்ளைகளாக இருப்பவர்களுக்குத் தமிழில் ஐம்பது வயதாகிவிடுகிறது.

இது பிள்ளைகளின் குற்றமன்று. அந்தத் தமிழ்க் கவிதைகளில் ஒரு பகுதியை அப்பாவோ சித்தப்பாவோ பெரியம்மாவோ எழுதிக் கொடுக்கிறார்கள் என்பது எம் எல்லோருக்கும் தெரிந்த இரகசியம். மிகுதியைப் பிள்ளைகளே எழுதுகிறார்கள். ஆனால் எதை எழுதினால் மண்டபத்தில் கைதட்டு விழும் என்பதை அறிந்து எழுதுகிறார்கள். இவ்விரண்டில் எது கூடிய பிழை என்பதே நாம் இங்கு கேட்க விரும்பும் கேள்வி. நாம் தமிழ்ப் பண்டிதர் அல்ல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்து, மற்றவர்களின் வரவு செலவைச் சரிபார்த்துச் சீவிக்கிறோம். ஆயினும் இக்கேள்வி எமக்குள் புகுந்த இடம் ஒரு வகுப்பறை என்பதால், அந்த வகுப்பறையைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும்.

றியாத் நகரின் நடுவே பத்தா என்றொரு பகுதி உண்டு. வளைகுடாவில் உழைத்துவிட்டு இங்கு வந்து சேர்ந்த அன்பர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே போதும், நெரிசலும் மசாலா மணமும் கண்முன்னே வந்துவிடும். மன்னர் அப்துல் அஸீஸ் 1902இல் கைப்பற்றிய மஸ்மக் கோட்டைக்கு அங்கிருந்து நடந்தே போய்விடலாம். வெள்ளிக்கிழமை பின்னேரம் மலையாளிகள் ஒரு மூலை, வங்காளிகள் ஒரு மூலை, பிலிப்பைன்காரர் ஒரு மூலை என்று தெருவே பங்குபோட்டு நிற்கும். காசு அனுப்புவோரும் சிம் அட்டை வாங்குவோரும் ஊர்ப் புதினம் கேட்போரும் எல்லாம் அங்கேதான். 2024 டிசம்பரில் திறந்த மெட்ரோவின் நீலநிறப் பாதை இப்போது பத்தாவுக்கு ஊடாகப் போகிறது. நாம் இருந்த காலத்தில் டாக்சிக்காரரோடு இரண்டு றியாலுக்குப் பேரம் பேசுவதே பயணத்தின் பாதி.

2009இன் பின்னர் நாம் அங்கு போய், ஒரு வியாபார நிறுவனத்தில் கணக்கு எழுதினோம். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் சேராத நாடு சவூதி அரேபியா. ஆகவே அங்கே எவரும் அகதியில்லை. வேலை இருந்தால் இக்காமா, இக்காமா இருந்தால் ஆள். எமக்கு அகதி என்ற பெயர் கிடைத்தது இந்நாட்டுக்கு வந்த பிறகுதான். பத்தாவில் கோயிலும் இல்லை. பிறமதத்தவர் பொது இடத்தில் வழிபாடு நடத்த அந்நாட்டுச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. அதைக் குறை சொல்ல நாம் இதை எழுதவில்லை. பின்னே வரும் ஒரு விடயத்துக்கு இது தேவைப்படுவதால் குறித்து வைக்கிறோம்.

வகுப்பு நடந்தது ஒரு பைக்கடைக்கு மேலே, நண்பர் ஒருவரின் வீட்டு வரவேற்பறையில். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்கி யும்ஆத் தொழுகைக்கு முன்னே முடிந்துவிடும். சவூதியின் வார விடுமுறை 2013 யூனில் வெள்ளி, சனி என்று மாறிய பின்னரும் எம்மில் பலருக்குச் சனி வேலைநாளாகவே இருந்தது. அதனால் வெள்ளி ஒன்றுதான் எல்லோருக்கும் பொது. இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் வந்தார்கள். யாழ்ப்பாணம், மன்னார், மட்டக்களப்பு, திருநெல்வேலி, இராமநாதபுரம் என்று பல ஊரவர்களின் பிள்ளைகள். கல்முனைப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளும் இருந்தார்கள். ரீச்சர், வன்னியில் ஆரம்பப் பாடசாலையில் படிப்பித்தவர். கணவரோடு வந்து வீட்டில் இருந்தவர், சும்மா இருக்க மாட்டாமல் தொடங்கிய வகுப்பு அது. நாம் வருகை இடாப்பும், கொப்பி வாங்கிய கணக்கும் எழுதினோம். ஆகவே பின்வரிசையில் எமக்கும் ஒரு கதிரை இருந்தது.

ஒரு ஆடி மாதம். நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டைப் பிள்ளைகள் பாடி முடித்தார்கள். கூழ், கொழுக்கட்டை, பனங்கட்டி எல்லாம் அதில் வரும். வெளியே வெயில் நாற்பத்தைந்து பாகையைத் தொட்டிருக்கும். ரீச்சர், 'பனையைப் பற்றி நாலு வரி எழுதுங்கோ' என்றார். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி எழுதியது ஏறக்குறைய இதுதான்: பனை உயரமான மரம், அதில் பேரீச்சம்பழம் காய்க்கும், பனை நாள் முழுக்க வெயிலில் நிற்கும், அப்பாவும் நிற்கிறார், ஆனால் பனைக்கு வீட்டுக்குப் போகவேணும் என்று இல்லை.

கூட்டிப் போக வந்த தகப்பனார் அதை வாசித்தார். வடமராட்சிக்காரர், கட்டட வேலையில் மேற்பார்வையாளர். முகம் சிவந்துவிட்டது. 'ரீச்சர், பனைக்கும் பேரீச்சைக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளையையா நாங்கள் வளர்க்கிறம்?' என்று கேட்டார். அங்கேயே குந்தியிருந்து, கற்பகதரு, ஒடியல், பினாட்டு, நுங்கு என்று எல்லாம் வரும்படி புதிதாக நாலு வரி சொல்லி, மகளை எழுதச் சொன்னார். பிள்ளை எழுதினாள். அழகான கையெழுத்து. ரீச்சர் ஒன்று மட்டும் சொன்னார்: 'அண்ணை, மரத்தின்ர பேரை நான் திருத்திக் குடுப்பன். கடைசி வரியை மட்டும் அழிக்காதேங்கோ. அது நீங்கள் சொல்லிக் குடுத்தது இல்லை, அவள் கண்டது.'

எம் நோக்கில் அந்தத் தகப்பனாரின் கவலை நியாயமானது. பனை வேறு, பேரீச்சை வேறு. பெயரைத் தவறாகச் சொன்னால் திருத்தத்தான் வேண்டும், அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. பிள்ளை எழுதிய எல்லாமே கவிதை என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போவது, பிள்ளையை மதியாத செயல். ஆனால் அவர் மாற்றியது பெயரை அல்ல. தன்னைப் பற்றி மகள் எழுதியதை எடுத்துவிட்டு, தான் ஊரைப் பற்றி எண்ணியதை வைத்தார். நாலு வரியும் உண்மையானவை. ஆனால் அவை அவருடைய உண்மை. கீழே இருந்த பெயர் மகளுடையது.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழமை உண்டு. ஒருவர் கையொப்பமிட்ட ஐந்தொகையில் உள்ள தொகைகள் அத்தனையும் சரியாக இருக்கலாம். கூட்டினால் கடைசிச் சதம் வரை பொருந்தலாம். ஆனால் கையொப்பமிட்டவர் புத்தகத்தைத் திறந்தே பார்க்கவில்லை என்றால், அந்தக் கையொப்பம் செல்லாது. கணக்குப் பிழை என்பதனால் அன்று, தான் பாராத ஒன்றைப் பார்த்தேன் என்று சொல்வதனால். பிள்ளைகளின் 'சொந்தக் கவிதை'களை மேடையில் கேட்கும்போதெல்லாம் எமக்கு இந்த நினைவு வந்துவிடுகிறது. தொழிற் புத்தி, என்ன செய்வது.

சோமசுந்தரப் புலவரையே எடுத்துக்கொள்வோம். 1878இலிருந்து 1953 வரை வாழ்ந்தவர், ஆசிரியர். கத்தரித் தோட்டத்தில் நிற்கும் வெருளியைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஒரு பாட்டுப் பாடியிருக்கிறார். வெருளி ஒன்றும் பெரிய பொருளன்று. பழைய சட்டையும் சட்டித் தலையும். ஆனால் யாழ்ப்பாணத்துப் பிள்ளை பாடசாலைக்குப் போகும் வழியில் தினமும் காண்பது அது. அதைப் பிடித்துப் பாட்டுக்குள் வைத்தார். அதனால்தான் எங்கள் பாட்டன்மார்க்கும் அது வாயில் நின்றது. அவர் பத்தாவில் இருந்திருந்தால் எதைப் பாடியிருப்பார்? பைக்கடையின் மேலே ஓயாமல் இரையும் குளிரூட்டியையா, தண்ணீர்ப் போத்தல் விற்கும் வங்காளிப் பையனையா, எமக்குத் தெரியாது. ஆனால் அவர் கண்ட வெருளியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தால் அவரைப் பின்பற்றுகிறோம் என்று ஆகாது. அவர் செய்தது போல் கண்ணில் படுவதைப் பார்க்க வேண்டும்.

இவ்விடத்தில், எம் ஆலயத்திலும் பலர் சொல்லும் மறுப்பு ஒன்று உண்டு. அது வலுவானது. 'பிள்ளைக்குத் தமிழில் சொல்லே இல்லை. ஆங்கிலத்தில் நாள் முழுக்கப் பேசுது, வாசிக்குது, அதனால சொந்தமா எழுதுது. தமிழில நாங்கள் குடுக்காட்டி ஆர் குடுக்கிறது? வெறும் கிணத்துக்குள்ள வாளி விட்டா என்ன வரும்?' என்று ஒரு பெரியவர் எம்மிடம் கேட்டார். உண்மைதான். நாவலர் பெருமான் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது முதலில் தேடியது பிள்ளைக்கு வாசிக்க ஏதும் இருக்கிறதா என்பதைத்தான். இல்லாதபடியால் பாலபாடங்களைத் தாமே எழுதினார். ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் தேவாரத்தையும் மனனம் செய்த தலைமுறையிலிருந்துதான் எங்கள் நல்ல எழுத்தாளர்கள் எல்லோரும் வந்தார்கள். இன்றைய பாடசாலைகளில் மனனத்தை ஒரு நோய் போலப் பார்க்கிறார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. பொருள் பிறகு விளங்கட்டும், ஓசை முதலில் உள்ளே போகட்டும். இந்தியன் வங்கியில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்குப் பாடிய அழ. வள்ளியப்பா போன்றவர்களின் பாட்டுகள் நாவில் ஏறுவதும் அந்த ஓசையால்தான். (வங்கிக்காரருக்கும் கவிதைக்கும் தூரமில்லை என்பதில் எமக்குச் சற்றுப் பெருமை.)

ஆகவே கொடுக்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. எப்படிக் கொடுக்கிறோம் என்றே கேட்கிறோம். எங்கள் ஊரில் கலியாணத்துக்கு நகை இரவல் வாங்கிப் போடுவது வழமை. அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. சபையில் பாதிப் பேருக்கு அது யாருடைய அட்டியல் என்று தெரியும். கலியாணம் முடிய, துடைத்துத் திருப்பிக் கொடுப்போம். சோமசுந்தரப் புலவரின் பாட்டைப் பிள்ளை மேடையில் பாடி, 'இது புலவர் பாடியது' என்று சொல்வது அந்த இரவல். எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம். ஆனால் சித்தப்பா எழுதியதைத் தன்னுடையது என்று பிள்ளை சொல்வது இரவலன்று. இதைப் பிள்ளை நன்றாக அறியும். மேடையிலிருந்து இறங்கி வரும்போது அதன் முகத்தைப் பார்த்தால் தெரியும். பாராட்டுகிறவரை அது நேரே பார்ப்பதில்லை.

இதைவிடக் கூடிய பிழை ஒன்று உண்டு என்றோம். பிள்ளையையே எழுத விட்டுவிட்டு, வரவேண்டிய உணர்ச்சி எது என்பதை நாம் முன்கூட்டியே தீர்மானிப்பது அது. 'தாயகம்', 'தமிழின் இனிமை', 'அன்னை' என்று தலைப்புக் கொடுக்கிறோம். கண்ணீர் வந்தால் பரிசு. ஒரு பிள்ளை, 'எனக்கு ஊரில் நுளம்பு கடித்தது, அம்மம்மாவுக்கு நான் பேசியது விளங்கவில்லை, திரும்பி வர ஆசையாக இருந்தது' என்று எழுதினால் பரிசு கிடைக்குமா? கிடைக்காது என்று அதற்குத் தெரியும். எனவே எழுதாது. சித்தப்பா எழுதிக் கொடுத்தால், பொய் சொன்னவர் சித்தப்பா. இங்கோ பொய்யைத் தானே உண்டாக்கப் பிள்ளை பழகுகிறது. அதுவும் தமிழில். ஆங்கிலம் உண்மை பேசும் மொழியாகவும், தமிழ் பெரியவர்களைத் திருப்திப்படுத்தும் மொழியாகவும் அதன் மனத்தில் பிரிந்துவிட்டால், பதினாறு வயதில் அது எந்த மொழியை விட்டுவிடும்?

எங்கள் சமயத்திலேயே இதற்கு ஒரு கதை இருக்கிறது. சீர்காழிக் குளக்கரையில் மூன்று வயதுப் பிள்ளை. தகப்பனார் சிவபாதவிருதயர் நீராடிக் கரையேறிப் பார்த்தால், பிள்ளையின் வாயில் பால் வழிகிறது. 'யார் தந்தது?' என்று கோலை ஓங்கிக் கேட்கிறார். பிள்ளை கையை நீட்டித் தோணியப்பரைக் காட்டிப் பாடுகிறது. சம்பந்தரின் முதற் பதிகம் அப்படிப் பிறந்தது என்று சேக்கிழார் சொல்கிறார். இக்கதையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். ஆனால் தகப்பனாரைக் கவனிப்பது குறைவு. கோபக்காரர், கையில் கோலும் உண்டு, வேதம் கற்றவர். ஆனாலும் அவர் செய்தது ஒரு கேள்வி கேட்டது மட்டுமே. பதிலை அவர் சொல்லிக் கொடுக்கவில்லை. தனக்குத் தெரியாத ஒன்றைப் பிள்ளை கண்டிருக்கிறது என்று ஒத்துக்கொண்டு, காட்டிய பக்கம் திரும்பிப் பார்த்தார்.

இதைப் பிறநாட்டாரும் தம் வழியில் கண்டிருக்கிறார்கள். ருஷ்யாவில் டால்ஸ்டாய் தமது யாஸ்னயா பொல்யானா ஊரில் குடியானவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியவர். ஒரு பழமொழியை வைத்துக் கதை எழுதலாம் என்று தொடங்கி, முதற் பக்கத்தைத் தாமே எழுதினார். சிறுவர்கள் சுற்றி நின்று திருத்தத் தொடங்கினார்கள். இந்தக் கிழவன் இப்படிப் பேசமாட்டான், அவன் மனைவி இப்படிச் செய்யமாட்டாள் என்று. சொன்னது சரியாகவே இருந்தது. பிறகு அவர்கள் சொல்ல, அவர் எழுதினார். குடியானவப் பிள்ளைகள் எம்மிடம் எழுதக் கற்க வேண்டுமா, நாம் அவர்களிடம் கற்க வேண்டுமா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து 1862இல் ஒரு கட்டுரை எழுதினார். 'போரும் அமைதியும்' அப்போது இன்னும் வெளிவரவில்லை. ஆனாலும் அவர் பெயர் பெற்ற எழுத்தாளர்தான்.

நூறு ஆண்டு கழித்து நியூ யோர்க்கில் கென்னத் கோக் என்ற கவிஞர் ஒரு சாதாரண அரசாங்க ஆரம்பப் பாடசாலைக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கவிதை எழுதப் பழக்கினார். 1970இல் அதைப் புத்தகமாக்கினார். அவர் தலைப்புக் கொடுக்கவில்லை, ஒரு தொடக்கம் கொடுத்தார். ஒவ்வொரு வரியும் 'எனக்கு ஆசை' என்று தொடங்கட்டும், மிச்சம் உன்னுடையது என்றார். ஈற்றெதுகையைத் தேடப்போய்ப் பிள்ளை சொல்ல வந்ததைத் தொலைத்துவிடுகிறது என்று கண்டு, அதை வேண்டாம் என்றார். எங்கள் மொழியில் அந்த இடைஞ்சல் குறைவு என்று எமக்குத் தோன்றுகிறது. மோனை தமிழ்ப் பேச்சிலேயே கிடக்கிறது. காடு கரம்பை, வீடு வாசல் என்று பேசுகிற பிள்ளைக்கு ஓசையைத் தனியே தேடித் திரிய வேண்டியதில்லை. பத்தா ரீச்சர் கோக்கைப் படித்தவரல்ல. ஆனால் அவரும் 'எங்கட வீட்டில்' என்று பலகையில் எழுதிவிட்டு, மிகுதியை விட்டுவிடுவார்.

திருத்தும் முறை பற்றியும் ஒரு சொல். ல, ள, ழ தடுமாறும், ர, ற தடுமாறும். அவற்றைத் திருத்தாமல் விட முடியாது. ஆனால் சிவப்புப் பேனையால் வெட்டி மேலே எழுதிய கொப்பியைப் பிள்ளை மறுபடி திறப்பதில்லை. ரீச்சர் இதைச் சொல்லிக் கவலைப்பட்டபோது, பேரேட்டில் நாம் செய்யும் வழமையை அவருக்குச் சொன்னோம். கணக்குப் புத்தகத்தில் பிழையான பதிவைச் சுரண்டவோ மையால் மூடவோ கூடாது. ஒரே ஒரு மெல்லிய கோடு. கீழே முந்திய எண் தெரிய வேண்டும், பக்கத்தில் திருத்தியவரின் சிறு கையொப்பம் இருக்க வேண்டும். ரீச்சர் அதைப் பிடித்துக்கொண்டார். பிள்ளையின் சொல்லின் மேல் ஒரு பென்சில் கோடு, பக்கத்தில் 'ரீ' என்று ஓர் எழுத்து. யார் எதை எழுதினார் என்பது கொப்பியில் எப்போதும் தெரியும். பிள்ளைக்கு விருப்பமில்லை என்றால், எழுத்துப் பிழை தவிர்ந்த வேறு திருத்தத்தை அது அழித்துவிடலாம் என்றும் சொல்லி வைத்தார். சில பிள்ளைகள் துணிந்து அழித்தார்கள்.

இனி, நாம் முன்னே குறித்து வைத்த விடயத்துக்கு வருகிறோம். பிள்ளைக்கு உண்மையை எழுதப் பழக்கினால், ஒருநாள் அது உண்மையை எழுதிவிடும். 'எங்கட வீட்டில்' என்ற தொடக்கத்துக்குப் பத்து வயதுப் பையன் ஒருவன் எழுதினான்: எங்கட வீட்டில் வெள்ளிக்கிழமை பின்னேரம் அம்மா முதலில் திரையை இழுத்து மூடுவா, பிறகு விளக்குக் கொளுத்துவா, தேவாரம் மெதுவாகப் படிப்பம், பிள்ளையாருக்குக் காது பெரிசு, அவருக்குக் கேட்கும்.

வாசித்துக் காட்டியபோது வகுப்பு சிரித்தது. பிறகு கல்முனைப் பையன் ஒருவன் எழும்பி, 'எங்கட வாப்பாவும் தொழக்குள்ள திரையை மூடுவாரு ரீச்சர், ரீவி கண்ணில படப்படா எண்டு' என்றான். அதற்கும் சிரிப்பு. பிள்ளைகளுக்கு அத்தோடு முடிந்தது. எங்களுக்கு முடியவில்லை. வழமையாக நல்ல எழுத்துகளைப் போட்டோக் கொப்பி எடுத்து எல்லா வீடுகளுக்கும் கொடுப்போம். இதைக் கொடுக்கலாமா? வீட்டுக்குள் அமைதியாக வழிபடுவதை அங்கு எவரும் தேடி வந்து கேட்டதாக நாம் அறியோம். ஆனால் தாள் கைமாறிப் போகும் பொருள். அந்தப் பையனின் தகப்பனுடைய இக்காமா வேறொருவர் கையில். ஒரு தாள் போகக் கூடாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால், பதில் சொல்ல வேண்டியது கவிதை எழுதியவனல்ல.

அன்று பெரியவர்கள் நாலைந்து பேர் கூடிப் பேசினோம். ஒருவர், 'கிழிச்சுப் போட்டு ஒட்டகத்தைப் பற்றி எழுதச் சொல்லுங்கோ' என்றார். இன்னொருவர், 'இதைத்தான் நீங்கள் எழுதச் சொன்னது, இப்ப பயப்பிடுறியள்' என்று ரீச்சரையே குற்றம் சொன்னார். இரண்டுமே எமக்குச் சரியாகப் படவில்லை. கிழித்தால், உண்மையை எழுதியதற்குத் தண்டனை என்று பையன் படித்துக்கொள்வான். கொப்பி எடுத்து விநியோகித்தால், எங்கள் கொள்கைக்கு வேறொரு குடும்பத்தின் சாப்பாட்டைப் பணயம் வைத்தவர்களாவோம். கொள்கைக்காரர்கள் இதை அடிக்கடி செய்வதுண்டு. எம்மவர்க்கு அந்த அனுபவம் புதிதல்ல.

ரீச்சர் செய்தது இதுதான். கொப்பி எடுக்கவில்லை. தாயாரைக் கூப்பிட்டு, கொப்பியை அவரிடமே கொடுத்து வாசிக்கச் சொன்னார். தாயார் வாசித்துவிட்டுச் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பையன், 'பிழையோ ரீச்சர்?' என்று கேட்டான். 'ஒரு பிழையும் இல்லை. இது வீட்டில வைக்கிற பாட்டு. எல்லாப் பாட்டும் வெளியில போறதில்லை' என்றார். அதன் பிறகு வகுப்பில் அது ஒரு வழக்காகவே வந்துவிட்டது. பிள்ளைகள் எழுதி முடித்து, 'ரீச்சர், இது வீட்டுப் பாட்டு' என்று மடித்துக் கொடுப்பார்கள். அவர் மட்டும் வாசிப்பார். சிலவற்றை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதைப் பின்கதிரையிலிருந்து கண்டிருக்கிறோம்.

இது ஒளிப்பு அல்லவா, சற்று முன் பொய்யைக் கடிந்துவிட்டு இப்போது மறைப்பதைப் பாராட்டுவதா என்று கேட்கலாம். வெளியிடாமல் வைப்பது வேறு, மாற்றி எழுதுவது வேறு. ஒரு நிறுவனத்தின் கணக்கை நாம் ஊரெல்லாம் காட்டுவதில்லை. காட்டாததால் அது பொய்க்கணக்காகிவிடாது. புத்தகத்தில் உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும் என்பதே கடமை. யாருக்குக் காட்டுவது என்பது வேறு கேள்வி. அதைத் தீர்மானிக்கும் உரிமை, அந்தப் பாட்டில் யாருடைய வாழ்வு கிடக்கிறதோ அவர்களுக்கும் உண்டு. அந்தப் பையனின் பாட்டை இப்போது இங்கே எழுதியிருக்கிறோமே என்றால், தாயாரிடம் கேட்டுவிட்டே எழுதினோம். குடும்பம் அங்கிருந்து போய்ப் பல வருடமாயிற்று.

வகுப்பும் போயிற்று. 2017 யூலையிலிருந்து, வேலை செய்பவர் கூட வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்ப உறுப்பினருக்கும் மாதம் 100 றியால் என்று ஒரு கட்டணம் வந்தது. ஆண்டுக்கு ஆண்டு நூறு நூறாக ஏறி 2020இல் 400 ஆயிற்று. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றால் முதலாம் ஆண்டு 3,600 றியால், கடைசியில் 14,400. இக்காமா புதுப்பிக்கும்போது ஒரு வருடத்துக்கும் சேர்த்து முன்கூட்டியே கட்ட வேண்டும். எத்தனையோ நண்பர்களுக்கு அந்தக் கூட்டலை நாமே தாளில் போட்டுக் காட்டினோம். காட்டிய பிறகு அவர்கள் வகுப்பு இடாப்பில் இருந்து பிள்ளையின் பெயரை எடுக்கச் சொல்வார்கள். தகப்பன் தனியாளாகி, பத்தாவில் ஒரு கட்டில் இடத்துக்கு மாறிவிடுவார். நாம் 2019இல் புறப்பட்டபோது வகுப்பில் நால்வர் இருந்தார்கள். இடாப்பில் ஒவ்வொரு பெயரின் மேலும் ஒரு மெல்லிய கோடு, பெயர் வாசிக்கக் கூடியதாகவே இருந்தது.

பனையில் பேரீச்சம்பழம் காய்க்க வைத்த சிறுமி ஊருக்குப் போனவர்களில் ஒருத்தி. உண்மையான பனையடியில் நின்று எடுத்த படமொன்றைத் தகப்பனார் கைத்தொலைபேசியில் எமக்கு அனுப்பியிருந்தார். அவர் பத்தாவில், அவள் கரவெட்டியில். பழைய கொப்பியை அவர் தம்மோடு வைத்துக்கொண்டாராம். தாம் சொல்லி எழுதுவித்த நாலு வரியையா, அவள் எழுதியதையா வாசிப்பீர்கள் என்று நாம் கேட்கவில்லை.

இப்போது எம் ஆலயத்தில் வாணி விழாப் போட்டிகளுக்கான ஏற்பாடு தொடங்கியிருக்கிறது. ஏடு தொடக்கும்போது பெரியவர் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிக்கிறார். அந்த விரலை எப்போது விடுவது என்பதற்கு நிர்வாக சபையிடம் இரண்டொரு யோசனையைப் பணிவுடன் முன்வைக்கிறோம். மனனப் போட்டி இருக்கட்டும், கூடுதல் புள்ளிகளோடு இருக்கட்டும். ஆனால் பாடியவர் பெயரைப் பிள்ளை சொல்ல வேண்டும். 'சொந்த ஆக்கம்' என்ற பிரிவை வீட்டிலிருந்து கொண்டுவர விடாமல், மண்டபத்தின் மேல்மாடியில் ஒரு மணி நேரம் இருந்து எழுத விடலாம். தலைப்பு வேண்டாம், ஒரு தொடக்கம் போதும். தெரியாத சொல்லுக்கு ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினால் புள்ளி குறைக்க வேண்டாம், பிறகு சொல்லிக் கொடுக்கலாம். வீட்டுப் பாட்டு என்று மடித்துக் கொடுக்கும் பிள்ளையின் தாளைத் தாய் தகப்பனிடம் கேளாமல் இம்மடலில் பிரசுரிக்க வேண்டாம். பெற்றோர் அந்த ஒரு மணி நேரமும் கீழே அன்னதான மண்டபத்தில் இருக்கலாம், தேநீர் உண்டு. பென்சில்களை நாம் கொண்டு வருகிறோம்.